காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

சிங்கப்பூரின் புக்கிட் மேரா லேன் 3 பட்டறைகளில் ஒரு பிக்கப்பின் பானட்டைத் தூக்கிப் பார்த்தால், ஓட்டுநர் பக்கத்தில் கறுப்பாக, கவிழ்த்த சட்டிபோல ஒன்று தெரியும். அது பிரேக் பூஸ்டர். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது மாஸ்டர் சிலிண்டர். மேலே பிரேக் ஆயில் டப்பா. ஒரே உறுப்பாகத் தெரிந்தாலும் இரண்டும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு ஆளின் மூளையில் உதித்தவை. பெரும்பாலும் இரண்டே நட்டுகள்தாம் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன. அதனால்தான் பழைய பிக்கப்புகளில் ஒன்றின் பூஸ்டரை இன்னொன்றின் சிலிண்டரோடு மாட்டும் வழக்கம் வந்தது. மாட்ட முடிகிறது என்பதற்காக மாட்டிவிடக் கூடாது. ஏன் என்பது இவை பிறந்த கதையிலேயே இருக்கிறது.

சிலிண்டர்தான் மூத்தது. அமெரிக்காவில் தம்பி ஆலனோடு சேர்ந்து 1913-இல் விமானம் கட்டிப் பறக்கவிட்ட மால்கம் லாக்ஹீட், பிறகு பிரேக் பக்கம் திரும்பினார். அதுவரை கம்பியும் இரும்புத் தண்டும் இழுத்துத்தான் வண்டி நின்றது. ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், மற்றொன்று பிந்திப் பிடிக்கும். சிலிண்டர் தள்ளும்போது குழாய்க்குள் அடைபட்ட திரவம் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும் என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். 1921-இல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. 1924-இல் கிரைஸ்லர் அதை நடுத்தர விலைக் காருக்குக் கொண்டுவந்தது. ஃபோர்டு 1939 வரை அசையவில்லை.

பூஸ்டர் பெல்ஜியத்துப் பிள்ளை. ஆல்பர்ட் டெவாண்ட்ர் உருவாக்கியதை 1927-இல் ஜெர்மனியின் போஷ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை ரப்பர்த் திரையின் இருபுறமும் வைத்திருப்பார்கள். பெடலை மிதித்ததும் ஒரு பக்கத்தில் மட்டும் வெளிக்காற்று நுழையும். திரை முன்னே நகர்ந்து தள்ளுகோலைச் சிலிண்டருக்குள் தள்ளும். 25 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள திரையானால் ஏறக்குறைய 340 கிலோ எடைக்குச் சமமான உந்துவிசை. டீசல் எஞ்சினில் இந்த வெற்றிடம் தானாகக் கிடைக்காது. அதனால் பல ஜப்பானிய டீசல் லாரிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும். பூஸ்டரைக் குறை சொல்வதற்குமுன் அந்தப் பம்பைப் பார்க்க வேண்டும்.

ஆனால் என் மதிப்பில் இந்தக் கதையில் பெரிய கண்டுபிடிப்பு மூன்றாவதுதான். பழைய சிலிண்டருக்கு ஒரே அறை. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு அறை வைத்ததும் ஒன்று ஒழுகினாலும் மற்றது வண்டியை நிறுத்தியது. கேடிலாக் 1962-இல் இதைப் பொருத்தியது. செவ்ரோலெட் பிக்கப்புக்கு 1967-இல் வந்தது. 1967-க்கு முந்தைய பிக்கப் வைத்திருப்பவர்கள் சிலிண்டரை மாற்றத் துடிப்பது இதற்காகத்தான். அது நியாயமான ஆசை.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஓர் அங்குல உள்விட்டத்துக்குப் பதில் ஒன்றேயரைக்கால், ஒன்றேகால் என்று எதையாவது போட முடியாது. ஒன்றேயரைக்கால் அங்குலம் போட்டாலே பரப்பு 27 விழுக்காடு கூடும்; பெடல் கல்லாக இறுகும், அதே மிதிக்கு அழுத்தம் குறையும். பூஸ்டரின் தள்ளுகோல் சற்று நீளமானால் ஆயில் திரும்பும் துளை அடைபட்டு, காலை எடுத்த பிறகும் பிரேக் விடாது. குட்டையானால் பெடல் வெறுமனே இறங்கும். டிரம் பிரேக்குக்கான சிலிண்டர் சிலவற்றில் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கும் வால்வு உண்டு. அதை டிஸ்க்குக்கு மாட்டினால் பேட் உரசிக்கொண்டே ஓடும். இரண்டையும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக எடுப்பதே நல்லது. அப்போதும் தள்ளுகோலை அளந்து பார்க்க வேண்டும்.

நம் ஊர்ப்பக்கமும் இந்தக் கதையில் இடம் உண்டு. டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் கூடி 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சென்னைப் பாடியில் பிரேக் உறுப்புகளைச் செய்யத் தொடங்கியது.

சிங்கப்பூரில் சரக்கு வண்டிக்கு ஆயுள் 20 ஆண்டு; ஆகவே இங்கே மிகப் பழைய பிக்கப்பைப் பார்ப்பது அரிது. உழைக்கும் லாரிகளோ ஏராளம். அவற்றின் பின்தட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகளும் அண்ணன்களும் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். அவர்களை ஏற்றுமுன் ஓட்டுநர் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்: எஞ்சினை அணைத்து, பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்து, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் சற்று இறங்கி நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது. நிற்காமல் மெல்ல மெல்ல அடிவரை இறங்கினால் சிலிண்டரின் உள்வாஷர் தேய்ந்திருக்கலாம், எங்காவது ஆயில் ஒழுகலாம். அந்த வண்டியில் ஆளை ஏற்றக் கூடாது.