இரவல் மாத்திரையிலிருந்து மாத ஊசி வரை: ஒற்றைத் தலைவலித் தடுப்பு மருத்துவமும் கல்மண்டபமும்

ஒற்றைத் தலைவலியை வராமல் தடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பிற நோய்களிடமிருந்து இரவல் வாங்கியவை. நெஞ்சுவலிக்காகப் புரோப்ரனலால் உட்கொண்டவர்களுக்குத் தலைவலியும் குறைந்ததை 1966-இல் மருத்துவர்கள் தற்செயலாகக் கண்டனர். மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலினும், வலிப்புக்கான வால்ப்ரோவேட், டோபிரமேட் ஆகியவையும் பின்னர் வந்து சேர்ந்தன. இவற்றுள் எதுவும் இந்நோயின் உள்ளியக்கம் அறிந்து உருவாக்கப்பட்டதன்று.

இந்த இரவலுக்கு நோயாளி கொடுக்கும் விலையை அறிய, சென்னை இராயபுரத்தின் கல்மண்டபம் தக்க இடம். ஒருபுறம் துறைமுகமும் காசிமேடும், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகள். நள்ளிரவில் கடலுக்குப் போகிறவர், ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர், விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடும் பெண்கள் என எல்லோருக்கும் கெட்ட தூக்கம், தப்பிய வேளைச் சோறு, கண்கூசும் வெயில் ஆகிய தூண்டல்கள் பிழைப்போடு சேர்ந்தே வருகின்றன. இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவருக்குப் புரோப்ரனலால் ஆகாது. அமிட்ரிப்டிலின் தரும் தூக்கக் கலக்கம் கண்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கு ஆபத்து. வால்ப்ரோவேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். இந்நோயோ பிள்ளை பெறும் வயதுப் பெண்களையே அதிகம் வாட்டுகிறது. நோய்க்குப் பொருந்தும் மருந்து வாழ்க்கைக்குப் பொருந்துவதில்லை. அதனால் பலர் பாதியில் நிறுத்திவிட்டு, மெடிக்கல் ஷாப் வலி மாத்திரைக்கும் கோடாலித் தைலத்துக்கும் திரும்புகிறார்கள். தைலத்தால் தீங்கில்லை. ஆனால் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், கலவை மாத்திரையை 10 நாள் என்று மாதக்கணக்கில் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும்.

இது சிலருடைய துன்பம் மட்டுமன்று. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 2,329 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட கள ஆய்வு, ஓராண்டில் நூற்றுக்கு 25 பேருக்கு ஒற்றைத் தலைவலி இருந்ததைக் காட்டியது.

மாற்றம் எதிர்பாராத இடத்தில் தொடங்கியது. தைராய்டுச் சுரப்பியின் கால்சிட்டோனின் மரபணுவை ஆராய்ந்த ரோசன்ஃபெல்ட், அமாரா, எவன்ஸ் குழுவினர், அதே மரபணு நரம்புத் திசுவில் வேறொரு பெப்டைடை உண்டாக்குவதை 1980-களின் தொடக்கத்தில் கண்டறிந்தனர். அதுவே சிஜிஆர்பி. இரத்தக் குழாயை விரிப்பதும் வலிச் செய்தியைக் கடத்துவதும் அதன் வேலை. வலி தாக்கும் நேரத்தில் கழுத்துச் சிரையின் இரத்தத்தில் அது பெருகுவதை 1990-இல் கோட்ஸ்பியும் எட்வின்சனும் அளந்து காட்டினர். 2002-இல் ஓலெசனின் கோபன்ஹேகன் குழு அதையே சிரை வழியாகச் செலுத்தி, ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலியை வரவழைத்தது. என் பார்வையில் வரலாற்றின் திருப்புமுனை இந்தச் சோதனைதான்: கூடவே காணப்பட்ட ஒன்று காரணமாக நிறுவப்பட்டது. இந்த வழியில் உழைத்த கோட்ஸ்பி, எட்வின்சன், ஓலெசன், மோஸ்கோவிட்ஸ் நால்வரும் 2021-இல் மூளை ஆய்வுக்கான ‘பிரெய்ன் பிரைஸ்’ பெற்றனர்.

சிஜிஆர்பியைத் தடுக்க முதலில் முயன்ற சிறு மூலக்கூறுகளில் டெல்காஜபான்ட் கல்லீரலைப் பாதித்ததால் கைவிடப்பட்டது. பின்னர் வந்த, ஊசியாகப் போடப்படும் எதிர்ப்புரதங்களுக்கு (ஆன்டிபாடி) அந்தச் சிக்கல் குறைவு. அவை கல்லீரலில் செரிக்கப்படுவதில்லை, பிற மருந்துகளோடு மோதுவதும் அரிது. இவ்வகையில் 2018-இல் எரனுமாப், ஃப்ரெமனெசுமாப், கல்கனெசுமாப் மூன்றும், 2020-இல் எப்டினெசுமாப்பும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. எரனுமாப் சிஜிஆர்பியின் ஏற்பியை அடைக்கிறது. மற்ற மூன்றும் சிஜிஆர்பியையே பிடித்துக்கொள்கின்றன.

2017-இல் வெளியான எரனுமாப் ஆய்வில் 955 பேர் பங்கேற்றனர். தலைவலி நாட்கள் மாதத்துக்குச் சராசரியாக 3.2 முதல் 3.7 வரை குறைந்தன. மருந்தற்ற ஊசி போட்டவர்களுக்கும் 1.8 நாள் குறைந்தது. சராசரியைப் பார்த்தால் இது பெரிய வெற்றியாகத் தோன்றாது. ஆனால் 140 மில்லிகிராம் பெற்றவர்களில் பாதிப்பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கின. யாருக்குப் பலிக்கும் என்பதை ஊசி போட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. மலச்சிக்கலையும் இரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். மருந்து உடலில் பல மாதம் தங்குவதால், கருத்தரிக்க விரும்பும் பெண் முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

பிற மருந்துகள் தோற்ற பிறகே ஊசி என்று 2019-இல் கூறிய ஐரோப்பியத் தலைவலிக் கூட்டமைப்பு, 2022-இல் அதை முதல் வரிசைக்கே உயர்த்தியது. அமெரிக்கத் தலைவலிச் சங்கமும் 2024-இல் அதே நிலையை எடுத்தது.

கல்மண்டபத்தார் நாடுவது அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையை. மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய நினைவில் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று முதியோர் இன்றும் சொல்லும் அதில், 1938 முதல் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தினக்கூலிக் குடும்பம் கைக்காசில் மாதந்தோறும் இந்த ஊசியைத் தொடர முடியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ பெரிதும் உள்நோயாளிகளுக்கானது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. தலைவலித் தடுப்பு மாத்திரைகளையும் அதில் சேர்க்க வேண்டும். ஊசியை எல்லோருக்கும் கேட்க வேண்டியதில்லை. தலைவலிக் குறிப்பேடு எழுதி, இரண்டு மாத்திரைகள் பலிக்காதவர், இழுப்பால் அல்லது வண்டி ஓட்டும் வேலையால் மாத்திரை ஆகாதவர் என்று தேர்ந்து, மூன்று மாதம் அரசுச் செலவில் போட்டுப் பார்க்கலாம். குறிப்பேட்டில் வலி நாட்கள் குறையாதவருக்கு நிறுத்திவிட்டு, அந்த ஊசியை வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுக்கலாம்.