தட்டில் ஏறாத அடி

1923 ஏப்ரலில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்கிற ஊரில், ஜெனட் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிங் ஆலிவர் என்ற கறுப்பினக் கலைஞரின் குழு வாசித்தது. ஜாஸ் கேட்கிறவர்கள் அந்தத் தட்டுகளை மூல ஏடு மாதிரி வைத்துக் கொண்டாடுகிறார்கள். இருபத்தோரு வயசு லூயி ஆம்ஸ்ட்ராங் அதில் இரண்டாவது கார்னெட். அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய குழலுக்கு முன்னால் எல்லாரும் நின்று வாசிக்கோணும். அந்த அதிர்வில் ஊசி மெழுகில் கீறும். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் பேபி டாட்ஸ் என்கிற பெரிய டிரம்மர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். காது கொடுத்துக் கேளுங்கள், டக் டக்கென்று அதுதான் வரும். ஜாஸுக்கு முதுகெலும்பே டிரம். கொண்டாடுகிற தட்டில் அந்த முதுகெலும்பு பாதிதான் இருக்கிறது.

இதுகூட முதல் ஜாஸ் தட்டு இல்லை. முதல் தட்டு 1917இலேயே வந்துவிட்டது. வாசித்தவர்கள் வெள்ளையர்கள். உழைத்து உண்டாக்கினவன் ஒருத்தன், பதிவில் ஏறினவன் இன்னொருத்தன். இந்தக் கதை நமக்குப் புதுசா என்ன?

கிணத்துக்கடவில் உட்கார்ந்துகொண்டு ஜாஸ் கேட்கிறவன் என்று தோழர்கள் என்னைக் கேலி செய்வார்கள். 1955இல் இருந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா சிற்றலையில் வில்லிஸ் கோனோவர் என்பவர் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். பொள்ளாச்சி ரோட்டில் லாரிச் சத்தம் அடங்கின பிறகு, இரைச்சலுக்கு நடுவே பொறுக்கிப் பொறுக்கிக் கேட்டதுதான் என் படிப்பு. அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாய் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தலித் பேந்தர்ஸ் என்று பேர் வைத்தார்கள். காது மட்டும் ஏன் ஊர் எல்லையிலேயே நிற்கோணும்?

நம்ம ஊருக்கு வருவோம். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் தட்டில் ஏறியது. பின்னால் சென்னையிலும் பதிவு நடந்தது. நாதசுரம் ஏறியது, ராஜரத்தினத்தின் தோடி வீடு வீடாகப் போனது. என் கையில் கிடைத்த பழைய தட்டு எதிலும் பறை இல்லை. அமெரிக்காவில் ஊசி துள்ளும் என்றார்கள். 1925இல் மின் ஒலிப்பதிவு வந்தது, அந்தச் சங்கடம் தீர்ந்தது. இங்கே பறைக்கு இருந்த சங்கடம் ஊசியால் வந்ததா?

கொங்கில் தப்பட்டை அருந்ததியர் தலையில் கட்டின வேலை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வாழ்ந்த என் தாத்தனும் அடித்தார். பண்ணையக்காரர் வீட்டில் எழவு விழுந்தால் கூப்பிட்ட நேரத்துக்குப் போயாகணும். காய்ச்சலில் கிடந்தபோது ஒருக்கா ஆள் வந்து வாசலில் நின்றதாம். "ஏனுங் சாமி, கை தூக்க முடியலீங்க" என்றிருக்கிறார். "கையெதுக்குடா, குச்சி இருந்தாப் போதும்" என்று பதில் வந்திருக்கிறது. போனார். அடித்தார்.

ஜாஸ்காரர்களிடம் அஞ்சலித் தட்டு போடுகிற வழக்கம் உண்டு. ஆம்ஸ்ட்ராங் 1954இல் டபிள்யூ.சி. ஹேண்டிக்குப் போட்டார், 1955இல் ஃபேட்ஸ் வாலருக்குப் போட்டார். 1959இல் தன் குருநாதர் கிங் ஆலிவருக்காகப் பதிவு செய்தார். ஆலிவர் 1938இல் செத்தார். கடைசியில் சவானா நகரத்தில் காய்கறி விற்றும், ஒரு விளையாட்டு விடுதியைக் கூட்டிப் பெருக்கியும் பிழைத்தார். 'கிங்' என்று பட்டம், கையில் விளக்குமாறு. 1959 தட்டை விமர்சகர்கள் பெரிசாக மதிப்பதில்லை. ஆலிவரின் பாட்டுகளும் அதில் கொஞ்சம்தான். எனக்கு அது பிடிக்கும். 1923இல் குழலுக்கு முன்னால் பக்கத்தில் நின்றவன் வாசிக்கிறான் என்பதே எனக்குப் போதும்.

1963 செப்டம்பரில் பர்மிங்காம் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டில் நாலு சிறுமிகள் செத்தார்கள். இரண்டே மாதத்தில் ஜான் கோல்ட்ரேன் 'அலபாமா'வை வாசித்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1968 வெண்மணியின் நாற்பத்து நாலு பேர் நினைவு வரும். நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினத்தார் சங்கம் வைத்துத் தங்கள் செத்தவர்களுக்குத் தாங்களே பேண்டு வாசிப்பார்கள், போகும்போது சோகமாக, திரும்பும்போது துள்ளலாக. தாத்தன் வாசித்த அஞ்சலிக்கு எண்ணிக்கை இல்லை. அதில் பெரும்பகுதி உத்தரவின்பேரில். "நம்ம தெரு எழவுக்கு அடிச்சா அடியே வேற மாதிரி இருக்கும்" என்று அம்மா சொல்லும். அந்த வேற மாதிரி அடிதான் எந்தத் தட்டிலும் இல்லை.

பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா 1986இல் 'ஹௌ டு நேம் இட்' போட்டு, தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அசாத்தியமான வேலை, மறுக்கவில்லை. அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துத் திரிந்தவர், அந்த மேடைக்கும் ஒரு தட்டு காணிக்கையாக்கியிருந்தால் என்ன என்று என் மனசு கேட்கும். அவர் யாருக்கு வாசிப்பது என்பது அவர் இஷ்டம், சரி.

சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைப் போட்டு உடைத்தவர்களும் நம்மவர்கள், அதே பறையை மேடையில் ஏற்றியவர்களும் நம்மவர்கள். 90களில் இந்த விவாதம் சூடாக நடந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இன்குலாப்பின் 'மனுசங்கடா' கே.ஏ. குணசேகரன் குரலில் ஊர் ஊராகப் போனது. இரண்டு பேருமே 2016இல் போய்விட்டார்கள். 2018 சனவரியில் சென்னையில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் ராப்பும் கிதாரும் பறையோடு ஒன்றாக நின்றன. ஊசி துள்ளும் என்று யாரும் சொல்லவில்லை.

பேபி டாட்ஸ் விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். 1946இல் ஃபிரெடரிக் ராம்சே என்பவர் அவரை உட்கார வைத்து, டிரம்மை மட்டும் வாசிக்கச் சொல்லி, பேசவும் விட்டுப் பதிவு செய்தார். ஃபோக்வேஸ் கம்பெனி அதைத் தட்டாக வெளியிட்டது. என்ன டிரம், எதுக்கு எப்படி அடிக்கிறது என்று அவரே சொல்கிறார். கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் எழுபது தாண்டின தப்பட்டைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவு செய்யச் செல்போன் போதும். சாவு அடி, சாமி அடி என்று ஒவ்வொரு அடிக்கும் பேர் கேட்டு எழுதுங்கள், அடிக்கிறவர் பேரையும் எழுதுங்கள். முதலில் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு, திண்ணையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.