டோய் என்றொரு விளிச்சொல்

தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். நம் தெருக்களில் "வந்தாச்சு டோய்!" என்று கேட்ட சொல்தான். ஆனால் இன்று நான் பேசும் டோய் அமெரிக்காவில் பிறந்தது. ஒலி ஒன்று, உறவு கிடையாது.

மொழி மாறினால் சிந்தனை மாறுமா என்று சோதிக்க, 1955இல் ஜேம்ஸ் குக் பிரவுன் 'லாக்லான்' என்ற மொழியைச் செய்யத் தொடங்கினார். பின்னாளில் அதன் சொற்கள் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்தது. பிரிந்தவர்கள் 1987இல் இலக்கணத்தின் அடிப்படையை வைத்துக்கொண்டு, சொற்களை மட்டும் புதிதாக ஆக்கினார்கள். அதுதான் 'லோஜ்பான்'.

லாக்லானில் ஒருவரைக் கூப்பிட 'ஹோய்'. லோஜ்பானில் ஹகர ஒலி சொல்லின் முதலில் வராது. அங்கே 'டோய்' வந்தது. அம்மொழியில் 'டோ' என்றால் நீ. ஒருவரை டோய் போட்டு அழைத்தபின் வருகிற 'டோ' அவரையே குறிக்கும்.

தமிழில் நாம் பெயரையே நீட்டி, மாற்றி அழைக்கிறோம். தம்பி, தம்பீ ஆகிறான். ஆண்டவர், ஆண்டவரே ஆகிறார். தொல்காப்பியம் இதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் வைத்திருக்கிறது. லோஜ்பானில் பெயர் அசையாது, முன்னால் ஒரு சொல் நிற்கும். அந்த இடத்தில் டோய்க்குப் பதிலாக வேறு சொற்களும் நிற்கலாம். சில, வானொலித் தொடர்பு முறையை ஒட்டியவை: 'ஜெஹெ' என்றால் கேட்டுக்கொண்டேன், 'கெஹோ' என்றால் மறுபடி சொல்லுங்கள், 'முஹோ' என்றால் முடித்தேன், இனி நீங்கள். செவிலியான எனக்கு இது புதிதல்ல. மருத்துவர் தொலைபேசியில் மருந்தளவு சொன்னால், எழுதி, திருப்பி வாசித்து, அவர் ஆம் என்ற பிறகே ஊசியைத் தொடுவோம்.

ஆனால் இந்த டோய் ஒரு விலையும் கேட்டது. லோஜ்பானில் பெயர் மெய்யெழுத்தில் முடிய வேண்டும். மாலதி, 'மாலதிஸ்' ஆவாள். அது போகட்டும். 'லா' என்பது அங்கே பெயருக்கு முன் வரும் இன்னொரு அடையாளச் சொல். "டோய் மாலதிஸ்" என்றால், கேட்பவர் நடுவிலுள்ள லகரத்தில் வெட்டி, 'திஸ்' மட்டுமே பெயர் என்று கொள்ள நேரும். அதனால் உயிரொலியை அடுத்து லா, டோய் போன்ற ஒலிகள் பெயருக்குள் வரக்கூடாது என்று விதி வைத்தார்கள். குழப்பமில்லாத மொழிக்காக மாலதி தன் பெயரைத் திருத்திக்கொள்ள வேண்டும்!

பயன்படுத்தியவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. பெயருக்கு முன் கட்டாயமாக ஒரு கணம் நிறுத்துங்கள், பெயரை விட்டுவிடுங்கள் என்றார்கள். அந்த வழக்கமே பரவியது. பழைய தடை விலகியது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நமக்கு இது நன்றாகவே புரியும். வாயில் நுழையவில்லை என்று எத்தனை பேருடைய பெயர் பாதியாகியிருக்கிறது! வார்டில் மருந்து கொடுக்குமுன் முழுப் பெயரையும் கேட்டே ஆக வேண்டும். நான் அந்த ஒரு கணத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பெயரைச் சுருக்குகிறவர்களிடமும் அதைக் கேளுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.