குண்டை உள்ளுக்கு அனுப்பினால் கதை முடிஞ்சுது

ஸ்டார் ட்ரெக் பார்க்கிற எல்லாருக்கும் எப்பவாவது இந்தக் கேள்வி வரும். ஒரு ஆளை நொடியில் கோளுக்கு இறக்கத் தெரிந்தவர்கள், எதிரிக் கப்பலுக்குள் ஒரு குண்டை அனுப்பிவிட்டுப் போகலாம்தானே? பிறகு என்னத்துக்கு ஒரு மணித்தியாலச் சண்டை?

1966இல் தொடர் தொடங்கியபோது ட்ரான்ஸ்போர்ட்டரை யாரும் ஆயுதமாக நினைக்கவில்லை. கிழமைக்குக் கிழமை கப்பல் தரையிறங்குவதைப் படமாக்கக் காசு காணாது, அதுக்கொரு குறுக்குவழி. சண்டைகள் வந்தது கடலிலிருந்து. ஹோர்ன்ப்ளோவர் என்ற கடற்படை நாவல் நாயகனின் சாயலில்தான் ஜீன் ரொடன்பெரி கப்டன் கேர்க்கை உருவாக்கினார். முதல் வருடமே வந்த 'பேலன்ஸ் ஒஃப் டெரர்', 1957இன் நீர்மூழ்கிப் படமான 'தி எனிமி பிலோ'வைத் தழுவியது. இரண்டு கப்டன்மார், நடுவில் தூரம், மற்றவன் என்ன யோசிக்கிறான் என்ற ஊகம். அந்தத் தூரம்தான் கதை. டெலிபோர்ட் குண்டு அதைத் தின்றுவிடும்.

அதனால்தான் கவசம் இயங்கும்போது ட்ரான்ஸ்போர்ட்டர் வேலை செய்யாது என்ற விதி. விஞ்ஞானம் மாதிரித்தான் சொல்லுவார்கள். என் பார்வையில் அது கடற்போரைக் காப்பாற்றப் போட்ட பூட்டு.

பூட்டு அடிக்கடி திறந்தும் இருந்திருக்கு. 1967இல் ஸ்கொட்டி, பெருகிக்கொண்டே போகும் ட்ரிபிள் என்ற உரோமப் பந்துகளைக் க்ளிங்கன் கப்பலுக்குள் அனுப்பிவிடுவார். பார்க்கிற ஆக்கள் சிரிப்பினம். பந்துக்குப் பதிலாக வெடிமருந்து எண்டால்?

1999 பெப்ரவரியில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. வொயேஜரின் 'டார்க் ஃப்ரொன்டியர்' கதையில் கப்டன் ஜேன்வே ஒரு சிறிய போர்க் கப்பலுக்குள் (போர்க் என்பது அந்த எதிரி இனத்தின் பெயர்) டோர்பிடோவை அனுப்புகிறார். முடக்கத்தான் நினைத்தது, முழுக் கப்பலும் சிதறுகிறது. அதே மாதம் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் ஒரு கொலைகாரன் வருகிறான். அவனுடைய துப்பாக்கியில் சின்ன ட்ரான்ஸ்போர்ட்டர் பூட்டியிருக்கிறது. குண்டு சுவருக்கு அங்கால், தன் அறைக்குள் இருக்கிறவரின் பக்கத்திலேயே தோன்றுகிறது. தொழில்நுட்பம் ரெண்டிலும் ஒன்றுதான். ஒன்றைத் தந்திரம் என்கிறார்கள், மற்றதைக் கொலை என்று விசாரிக்கிறார்கள். போர்க் கப்பலுக்குள்ளும் ஆட்கள் இருந்தார்கள், அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

2005இல் ஸ்டார்கேட் அட்லான்டிஸ் கேள்வியை நேராகவே எடுத்தது. டெடலஸ் கப்பல் ரெய்த் இனத்தின் தாய்க்கப்பல்களுக்குள் அணுகுண்டுகளை அனுப்ப, முதலில் போனவை வெடிக்கின்றன. ரெய்த் உடனே அலைகளைக் குழப்பித் தடுக்கக் கற்றுவிடுகிறது. கவசத்தை விட இது எனக்குப் பிடிச்ச பதில், எதிரியும் யோசிக்கிறான் அல்லவா. கடைசியில் நகரத்தின் கவசத்துக்கு மேல் தாங்களே ஒரு அணுகுண்டை வெடிக்கவைத்து, நகரம் அழிந்துவிட்டது எண்டு நம்பவைத்து, பார்வையிலிருந்து மறைந்துகொள்கிறார்கள். நீர்மூழ்கிப் படங்களில் கப்டன்மார் எண்ணெயையும் குப்பையையும் மேலே விட்டு, தாண்டுபோனதாகக் காட்டுவது போல.