கூலிப்பண்டக் கோட்பாடு

கூலிப்பண்டக் கோட்பாடு என்பது, வேளாண்மையை நம்பியிருக்கும் நாடொன்று தொழில்நாடாக மாறுவதற்கு முதற்கண் வேண்டப்படும் மூலதனம் இயந்திரங்கள் அல்ல, உழைப்பாளர் உண்ணவும் உடுக்கவும் வேண்டிய பண்டங்களே என்று நிறுவ முயன்ற பொருளாதாரச் சித்தாந்தமாகும். பம்பாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான சி. என். வகீல், பி. ஆர். பிரம்மானந்தா ஆகிய இருவரும் 1956-இல் ஆங்கிலத்தில் பிரசுரித்த நூலில் இது முழு உருவம் பெற்றது.

தோற்றம்: உழைப்பாளரின் ஜீவனத்துக்கென முன்கூட்டிச் சேமித்த தானியமும் மூலதனத்தின் அங்கமே என்ற ரிக்கார்டோ முதலிய பழைய ஆசிரியர்களின் கருத்திலே இதன் வேர் உள்ளது. 15 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலிட்டுத் தலைவருமானத்தை இருமடங்காக்க எண்ணிப் பம்பாய்த் தொழிலதிபர்கள் 1944-இல் வெளியிட்ட திட்டமும், புதிய முதலீட்டில் மூன்றிலொரு பங்கை மூலதனப் பண்டத் தொழில்களுக்கு ஒதுக்கிய, புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸின் மாதிரியும் கனரகத் தொழில்களையே பிரதானமாகக் கொண்டிருந்தன. மகலனோபிஸ் மாதிரியே இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு (1956–61) ஆதாரமாக அமையவே, அதற்கு மறுப்பாக இக்கோட்பாடு எழுந்தது.

கருத்து: கிராமத்தில் போதிய வேலையின்றி இருப்போரை வேறு பணிக்கு மாற்றினால், அவர்கள் உண்டுவந்த உணவே அவர்களைப் பின்தொடர்ந்து மூலதனமாகும் என்று பொருளியலாளர் ராக்னர் நர்க்ஸ் 1953-இல் எழுதினார். ஆனால், ஊரில் எஞ்சியோர் அவ்வுணவைத் தாமே உண்டுவிடுவர்; கூலி பெற்றவரும் முன்னினும் அதிகமாக உண்பர் என்பது பம்பாய் ஆசிரியர்களின் வாதம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்: அவர்களுடைய கூலி பெரும்பாலும் அரிசிக்கும் துணிக்குமே செல்லும், அப்பண்டங்கள் பெருகாமல் வேலை மட்டும் பெருகினால் விலைவாசி ஏறி, அக்கூலியின் பயனைக் கரைத்துவிடும். ஆதலால் நீர்ப்பாசனம், உணவு உற்பத்தி, நெசவு ஆகியவற்றுக்கே முதலிடம் வேண்டும் என்றனர்.

பின்விளைவு: அரசு இதனை ஏற்கவில்லை. எனினும் 1965-66-இன் வறட்சியை அடுத்து, 1966-இல் ஏறத்தாழ 1 கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்ய நேர்ந்தபோது, உணவுப் பற்றாக்குறையே வளர்ச்சிக்குத் தளை என்ற இவர்களுடைய எச்சரிக்கை புதிய மதிப்புப் பெற்றது. பிரம்மானந்தா 1974-இல் இதனை மேலும் விரித்தெழுதினார். உரமும் நீரிறைக்கும் இயந்திரமும் இரும்புத் தொழிலின்றிக் கிடைக்குமோ என்ற ஆட்சேபம் வலுவுடையதே. ஆயினும் அது எத்தொழிலை முதலில் தொடங்குவது என்ற வரிசையைப் பற்றியதேயன்றி, உணவின்றி உழைப்பைப் பெருக்க இயலாது என்ற அடிப்படையைத் தகர்ப்பதன்று.