காஞ்சிக்குப் போகும் வழியில் ஒரு பீர்

பெரும்பாணாற்றுப்படையை ஒரு ஃபுட் வ்ளாக் என்றுதான் நண்பர்களிடம் அறிமுகப்படுத்துவேன். தமிழாசிரியர்கள் மன்னிக்கணும். ஐந்நூறு அடிப் பாட்டு, பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனை "நீயும் போ" என்று அனுப்புகிறான். வழியில் யார் வீட்டில் என்ன போடுவார்கள் என்பதுதான் பாட்டில் பெரும்பங்கு. உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும் கோழியும். அந்தணர் வீட்டில் மாதுளங்காய்ப் பொரியலும் மாவடுவும். வலைஞர் குடியிருப்பில் சுட்ட மீன், கூடவே குடிக்க ஒன்று.

மற்ற சாப்பாட்டுக்கெல்லாம் பெயரும் ருசியும் சொல்லி நகர்ந்துவிடும் புலவர், இந்தக் குடிக்கும் சமாச்சாரத்துக்கு வந்ததும் நின்று செய்முறையே சொல்கிறார். என் வார்த்தையில் சொன்னால் இப்படி: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்கு. வாயகன்ற தட்டில் கொட்டி நன்றாக ஆறவிடு. புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோறு மாதிரி தோற்றமுள்ள அடையை அதில் கலந்து பிசை. இனிப்பு ஏறும்படி இரண்டு பகலும் இரண்டு இரவும் போகட்டும். வாய் உறுதியான சாடியில் பச்சை வாடை போகும்வரை விளையவிடு. பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து வடிகட்டு.

பள்ளியில் இதற்கு "கள்" என்று ஒரே சொல்லில் பொருள் சொல்லிக் கொடுத்தார்கள். கள் என்றதும் நம் கண்ணில் பனைமரமும் மண் கலயமும் வந்துவிடும். ஆனால் இந்தச் செய்முறையில் மரமே இல்லை. தானியம் இருக்கிறது, கூழ் இருக்கிறது, சாடி இருக்கிறது. இது பீர்.

விஷயம் அந்த அடையில் இருக்கிறது. பனஞ்சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. இறக்கி வைத்தால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் தானாக வேலையைத் தொடங்கிவிடும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதை அப்படியே தின்ன முடியாது. முதலில் யாராவது அதைச் சர்க்கரையாக உடைத்துத் தர வேண்டும். அதற்கு உலகம் இரண்டு பெரிய வழிகளைக் கண்டுபிடித்தது. ஒன்று பூஞ்சை: ஜப்பானியர்களின் கோஜி, சந்தால் மக்கள் ஹண்டியாவுக்குப் போடும் ராணு வில்லை. மற்றொன்று முளை. தானியம் முளைவிடும்போது தன் மாவுச்சத்தைத் தானே கரைத்துக்கொள்ள அமைலேஸ் நொதிகளை உண்டாக்குகிறது. அந்த முளையைக் காயவைத்து நொறுக்கினால் அதுதான் மால்ட்.

புற்றாஞ்சோறு என்ற உவமையைப் பார்த்தால் பூஞ்சை வில்லை என்று தோன்றும். வெள்ளையாக, துளைதுளையாக, கரையான் பூஞ்சை வளர்க்கும் இடம் அது. ஆனால் நச்சினார்க்கினியர் தன் உரையில் நல்ல முளையை இடித்துக் கலப்பது என்றே பொருள் சொல்கிறார். நான் அவர் பக்கம். முளைகட்டிய தானியத்தைத் துணியில் ஒரு நாள் கூடுதலாக மறந்துவிட்டவர்களுக்குத் தெரியும்: வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, மொத்தமும் வெள்ளை வெளேரென்று ஒரே தட்டையாக எழுந்து வரும். அதை அடை என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? பார்க்க அச்சு அசலாகப் புற்றாஞ்சோறுதான்.

அந்தக் கூழுக்கும் காரணம் உண்டு. பார்லியின் மாவுச்சத்து மிதமான சூட்டிலேயே இளகிவிடும். அரிசியினுடையது இளக அதைவிட அதிகச் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் நொதிகள் செத்துப்போகும். அதனால் அரிசியைத் தனியாக வேகவைத்து, சூடு குறைந்த பிறகுதான் மால்ட்டோடு சேர்க்க வேண்டும். அரிசி சேர்த்து பீர் தயாரிக்கும் பெரிய ஆலைகளில் இன்றும் இதற்கென்று தனிக் கொப்பரை வைத்திருக்கிறார்கள். நம் வலைஞர் வீட்டில் வாயகன்ற தட்டு. ஒரே அல்காரிதம், வேறு ஹார்டுவேர்.

இதே அல்காரிதம் கடல் தாண்டி இன்னொரு ஊரிலும் ஓடியது. பெல்ஜியத்தின் ஹூகார்டன். அந்த ஊர் கோதுமை பீரில் ஏறக்குறைய பாதி முளைகட்டாத பச்சைக் கோதுமை, மீதி பார்லி மால்ட். மால்ட்டின் நொதிகள் தன் மாவை மட்டுமல்லாமல் பக்கத்து வீட்டுக் கோதுமையின் மாவையும் சேர்த்து உடைத்துக் கொடுக்கும். மணத்துக்கு உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் (ஆம், நம் தனியாதான்). லாகர் பீர் வந்து சந்தையைப் பிடித்ததும் ஊரின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசியாக இருந்த டொம்சின் ஆலையும் 1950களில் மூடப்பட்டது. அந்த பீர் வகையே செத்துப்போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பத்து வருஷம்கூடத் தாண்டியிருக்காது, பியர் செலிஸ் என்ற பால்காரர் அதை மறுபடி காய்ச்சினார். இளவயதில் டொம்சின் ஆலையில் கூடமாட வேலை செய்தவர் அவர். கையில் பழக்கமும் நாக்கில் ஞாபகமும் இருந்தன. இன்று உலகமெங்கும் கிடைக்கும் விட்பியர் அந்த ஒருவரின் ஞாபகத்திலிருந்து வந்தது.

இதை வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் மால்ட் எக்ஸ்ட்ராக்டில்தான் தொடங்குவார்கள். ஆலையில் மால்ட்டை ஊறவைத்துச் சர்க்கரைச் சாறு எடுத்து, வெற்றிடத்தில் சுண்டவைத்துத் தேன் பதத்தில் டின்னில் அடைத்திருப்பார்கள். இருபது லிட்டர் பீருக்குச் சுமார் மூன்று கிலோ. தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, கடைசி ஐந்து பத்து நிமிஷத்தில் இடித்த தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போட்டு, இருபது டிகிரிக்கு ஆறவைத்து ஈஸ்ட் விட்டால் இரண்டு வாரத்தில் பீர். ப்ரோக்ராமர்களுக்குப் புரியும்படி சொன்னால், யாரோ கம்பைல் செய்துவைத்த லைப்ரரி. நொதிகளின் வேலை ஆலையிலேயே முடிந்துவிட்டது. சுண்டிய சாற்றில் நொதிகள் உயிரோடு இருப்பதில்லை. அதனால்தான் எக்ஸ்ட்ராக்டோடு பச்சைக் கோதுமையைப் போட்டால் வெறும் மாவு மிதக்கும், சர்க்கரை வராது. எக்ஸ்ட்ராக்ட் வாங்குபவர் தாண்டிப் போகும் படி எதுவோ, அதை வலைஞர் வீட்டில் கையால் செய்திருக்கிறார்கள். அந்த இனிப்பு ஏறும் இரண்டு நாளைப் புலவர் பாட்டில் பதிவு செய்திருக்கிறார்.

காய்ச்சியது யார்? அதே பாட்டில் காஞ்சிக்குப் போகும் வழியிலுள்ள நீர்ப்பெயற்று என்ற கடற்கரைப் பட்டினம் வருகிறது. அங்கே பெண்கள் கள் சமைக்கிறார்கள். அவர்கள் பாத்திரம் கழுவிய தண்ணீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிகள் புரள்கின்றன. இந்தச் சேறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அரசவையில் உட்கார்ந்து கற்பனை செய்பவருக்குத் தோன்றாத விவரம் அது. இன்னொரு இடத்தில் 'இல்லடு கள்' என்றே சொல்கிறது பாட்டு. வீட்டில் அட்ட கள், அதாவது ஹோம்ப்ரூ. தோப்பி என்று அதற்குத் தனிப் பெயரும் உண்டு. நெல்லால் செய்த கள் என்பது உரை.

தோப்பி, பிழி, அரியல், நறவு, தேறல் என்று எத்தனை சொற்கள்! இன்று எல்லாம் அகராதியில். தப்பிப் பிழைத்தது கள் மட்டும். அதுவும் பனை, தென்னை என்று சுருங்கிவிட்டது. சொல் சுருங்கியதும் அதற்குள் இருந்த தானியக் கலை கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. 1889-இல் உ.வே.சா. பத்துப்பாட்டை உரையோடு பதிப்பித்தபோது பாட்டு திரும்பி வந்தது. அதை விளக்கிச் சொல்லக்கூடிய அடுப்படி அப்போது இல்லை. செலிஸுக்கு டொம்சின் இருந்தார், நமக்கு நச்சினார்க்கினியர் மட்டும்.

பாணன் போய்ச் சேர்ந்த காஞ்சியிலும் குடிக்குக் குறைவில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம் நாடகத்தில் காபாலிகன் சத்யசோமனும் துணைவி தேவசோமாவும் தள்ளாடிக்கொண்டு காஞ்சித் தெருவில் வருகிறார்கள். மதுக்கடையை வேள்விச் சாலையாக வர்ணிக்கிறான் காபாலிகன். ராஜாவே எழுதிய நையாண்டி. ஆனால் அங்கே குடி கடைக்குப் போய்விட்டது. வீட்டுச் சாடி அந்த மேடையில் இல்லை.

பிறகு சட்டம் வந்தது. 1937-இல் ராஜாஜி அரசு மதுவிலக்குச் சட்டம் இயற்றி சேலத்தில் தொடங்கியது. 1948-க்குள் மாகாணம் முழுக்க. 1971-இல் தளர்ந்தது, திரும்ப வந்தது, மறுபடி தளர்ந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம். ஆக, இன்று காஞ்சிபுரத்தில் ஆலை பீரை அரசுக் கடையில் வாங்கலாம், வலைஞர் வீட்டுப் பிழியை வீட்டில் செய்தால் கேஸ். குடி கெடுத்த குடும்பங்களைப் பார்த்தவன் என்பதால் கடையைத் திற, சட்டத்தை எடு என்று கோஷம் போட நான் தயாரில்லை. ஆனால் ஒரு குழப்பத்தைப் பிரிக்கணும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். கூழைப் புளிக்கவைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டுக்கும் "காய்ச்சுவது" என்று ஒரே சொல்லை நாம் வைத்திருப்பதால் ஒன்றாகவே தெரிகிறது. அசாமின் திமாசா மக்கள் தங்கள் அரிசி பீரான ஜூதிமாவுக்கு 2021-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள்.

முளைகட்டும் வித்தை மட்டும் நம்மிடம் அழியவில்லை, தொட்டிலுக்குப் போய்விட்டது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, உலர்த்தி, வறுத்து, அரைத்துக் கைக்குழந்தைக்குக் கூழ் காய்ச்சும் பாட்டிகள் மால்ட் தயாரிப்பவர்கள்தான். கூழ் இளகி இனிப்பதும் அதே நொதிகளால்தான். காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கும் ஹார்லிக்ஸ் மட்டும் என்ன? பார்லி மால்ட்டும் கோதுமையும் சேர்ந்த சாற்றைப் பாலோடு உலர்த்திய பொடி. ஈஸ்ட் சேராத கோதுமை பீரை மூன்று தலைமுறையாக டம்ளரில் ஆற்றிக் குடித்திருக்கிறோம்.

பெங்களூரில் உரிமம் வாங்கிய ப்ரூபப்கள் நிறைய. விட்பியர் அங்கே சாதாரணமாகக் கிடைக்கிறது, தனியா வாசனையோடு. அவர்களில் யாராவது குற்றாத அரிசியையும் நெல்முளையையும் எடுத்துப் பார்க்கலாம். அரிசிக்கு எவ்வளவு முளை என்ற அளவு மட்டும் பாட்டில் இல்லை. அதற்குக் கேழ்வரகு முளைகட்டத் தெரிந்த ஒரு பாட்டியைக் கூட வைத்துக்கொள்ளணும். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.