பறித்த லைசென்ஸும் பிரிட்டிஷ் சட்டமும்

மோட்டார் வண்டி ஓட்டுவது மனிதனுடைய சுதந்திரங்களில் ஒன்றா, அல்லது ராஜாங்கம் நம்பிக்கையின் பேரில் கொடுத்துவைத்திருக்கும் சலுகையா என்ற கேள்விக்குப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு நேராக விடை சொன்னதில்லை. ஆனால், பறித்த லைசென்ஸை எந்த நிபந்தனையின் பேரில் திருப்பிக் கொடுப்பது என்று அது காலத்துக்குக் காலம் இயற்றிவந்த சட்டங்களை வரிசையாக எடுத்துப் படிப்பவர்களுக்கு அந்த விடை தானாகவே புலப்பட்டுவிடும்.

சாரதிகளுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று அந்நாட்டில் முதன்முதலாக விதித்தது 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார்ச் சட்டம். பதினேழு வயது நிரம்பிய எவரும் கவுண்டி சபையில் ஐந்து ஷில்லிங் கட்டினால், பிரேக் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேளாமல், கார் ஓட்ட ஓராண்டுக்கு அனுமதி கொடுத்துவிடுவார்கள். மணிக்கு 20 மைல் என்ற வரம்பை ஓயாமல் மீறியோ, கண்மண் தெரியாமல் ஓட்டியோ தண்டனை பெற்றவனுடைய குற்றத்தை அவனுடைய லைசென்ஸின் மேலேயே எழுதிவிடவும், அவசியமானால் அதைச் சில காலம் நிறுத்திவைக்கவும் நியாயஸ்தலத்துக்கு அதிகாரம் இருந்தது. கெடு கழிந்ததும் அவன் மறுபடியும் ஐந்து ஷில்லிங்குடன் போய் நிற்கலாம். ஓட்டத் தெரியுமா என்று முதலில் கேளாதவர்கள், திருந்தினாயா என்று பிறகு கேட்பதற்கு ஏது முகாந்தரம்?

அந்தக் கேள்வி சட்டத்தில் நுழைந்தது 1930-இல். கார்களுக்கு இருந்த வேகவரம்பை அடியோடு எடுத்துவிட்ட அதே சாலைப் போக்குவரத்துச் சட்டம் (அந்தத் தாராளத்தை விட்டு, ஊர்ப்புறங்களில் 30 மைல் என்று 1935-இலேயே இறங்கிவர நேர்ந்தது வேறு கதை), குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு, விசேஷ காரணம் இருந்தாலொழிய, பன்னிரண்டு மாதத் தடை என்று விதித்தது. கூடவே, தடை விதித்து ஆறு மாதம் சென்றபின் அதை நீக்கும்படி விண்ணப்பம் செய்துகொள்ளவும், அவ்விண்ணப்பத்தின் மேல் அவனுடைய குணத்தையும், இடைக்காலத்து நடத்தையையும், குற்றத்தின் தன்மையையும் சீர்தூக்கி நியாயஸ்தலம் முடிவு செய்யவும் வழி வைத்தது. இப்போதைய சட்டத்தில் இரண்டு ஆண்டுகள் கழியாமல் அந்த விண்ணப்பத்துக்கே இடமில்லை.

'விசேஷ காரணம்' என்ற அந்த இடுக்கின் வழியாகத் தப்பிக்க முயன்றவர்கள் ஏராளம். லாரி ஓட்டிப் பிழைப்பவன் தன் ஜீவனம் போய்விடும் என்பான்; வைத்தியர் தம் நோயாளிகளைக் காட்டுவார். மாஜிஸ்திரேட்டுகளும் மனமிரங்கிவந்தார்கள். 1946-இல் பிரதம நீதிபதி கோடார்டு பிரபு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்: காரணம் குற்றத்தைச் சார்ந்ததாக இருக்கவேண்டுமேயன்றிக் குற்றவாளியைச் சார்ந்ததாக இருக்கக் கூடாது, பிழைப்புப் போவது எவ்வளவு பெரிய கஷ்டமானாலும் சட்டத்தின் கண்ணில் அது விசேஷ காரணம் ஆகாது. தனக்குத் தெரியாமல் பானத்தில் பிறர் மதுவைக் கலந்துவிட்டார்கள் என்று ஒருவன் நிரூபித்தால், அது வேறு விஷயம். இத்தீர்ப்பைக் கடுமை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிழைப்பைக் காட்டித் தப்பலாம் என்றால், பகலும் இரவும் சாலையிலேயே இருப்பவர்களுக்கல்லவா முதலில் விலக்குக் கிடைத்துவிடும்?

ஓட்டத் தெரியுமா என்ற பழைய கேள்வியையும் சர்க்கார் விட்டுவிடவில்லை. 1935 ஜூன் முதல் தேதியிலிருந்து, முந்திய ஆண்டு ஏப்ரல் முதல் ஓட்டத் தொடங்கியவர்கள் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் கட்டிப் பரீட்சை கொடுக்கவேண்டியதாயிற்று. தடைபட்டவனையும் பரீட்சையில் தேறும்வரை ஓட்டாதே என்று உத்தரவிடும் அதிகாரத்தை நியாயஸ்தலம் பெற்றது. இருபது வருஷம் தனியே காரில் சுற்றிய கனவான், வெள்ளைத் தகட்டில் சிவப்பு 'எல்' எழுத்தை வண்டியில் மாட்டிக்கொண்டு, லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டவேண்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள். அபராதத்தைவிட அதுவே சிலருக்கு உறைத்திருக்கும்.

1967 அக்டோபரில், பார்பரா காஸில் அம்மையார் போக்குவரத்து மந்திரியாக இருந்தபோது, மூச்சுப் பரிசோதனை வந்தது. மஞ்சள் படிகங்கள் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் சாரதி ஊதவேண்டும். படிகம் பச்சையானால் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது என்ற எல்லையைத் தாண்டியவன் நிதானமாக ஓட்டினானா, இல்லையா என்ற வாதத்துக்கே இடமில்லாமற்போயிற்று.

அந்த அளவு கையில் கிடைத்தபின், குடியனுக்கும் ஒருநாள் தவறியவனுக்கும் உள்ள பேதத்தைச் சட்டம் பார்க்கத் தொடங்கியது. எல்லையைப்போல் இரண்டரை மடங்கு குடித்திருந்தவர்கள், பத்தாண்டுக்குள் இருமுறை அகப்பட்டவர்கள் முதலானோர், 1983-இல் தொடங்கி 1990-இல் விரிவாக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, குடிக்கு அடிமையல்ல என்று வைத்தியப் பரிசோதனையில் காட்டினால்தான் லைசென்ஸ் பெறலாம். ரத்தமும் கொடுக்கவேண்டும், பரிசோதனைச் செலவும் அவர்களுடையதே. குடித்து ஓட்டித் தடைபட்டவர்களுக்கு, மதுவின் கேடுகளைப் பற்றிய வகுப்பில் இருந்து முடித்தால் தடையில் கால்பங்குவரை குறைக்கும் சலுகையும் 1990-களில் ஏற்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பொத்தல் இருந்தது. தடை முடிந்த அன்றே விண்ணப்பத்தை ஸ்வான்ஸி நகரத்து லைசென்ஸ் காரியாலயத்துக்கு அனுப்பிவிட்டு, வைத்தியருடைய முடிவு வரும்வரை அந்தக் குடியர்களும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். 2013 ஜூன் முதல் தேதி முதல் தண்டனை பெறுகிறவர்களுக்கு அந்த வழி இல்லை. பரிசோதனையில் தேறிய பிறகே சாவியைத் தொடலாம்.